கோபுரத்தை இடப்பக்கம் நகர்த்தினேன்

இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு ஊர் தள்ளி இறங்கிவிட்டேன். அந்தக் கடற்கரையில் ஓர் ஊர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரிக்குத் தெரிய வழியே இல்லை. வீட்டை ஒட்டி வீடு. ஒரு கோயிலைத் தாண்டினால் இன்னொரு கோயில். அங்கே கோயில் என்றால் கத்தோலிக்கக் கோயில். எல்லாவற்றுக்கும் பின்னால் பாறைகளைக் கொட்டிய தடுப்பு, அதற்கும் பின்னால் கடல். என்னைத் திரும்பக் கூட்டிப்போன ஆட்டோக்காரர் வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தார். பெயர்ப் பலகையைத் தேடுகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் ஏமாறுவார்களாம்.

"கோயிலுக்க கோபுரத்தப் பாத்து எறங்கணும், கேட்டியளா. ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு கோபுரம். கடல்ல கெடக்கவனுக்கே அது போதும். பஸ்ஸுல வந்த ஒங்களுக்குப் போதாதா?"

நான் போக வேண்டிய இனயத்தின் கோபுரம் மஞ்சள். தென்னைகளுக்கு மேலே அது எழும்பி நின்றதைப் பார்த்ததும் இவ்வளவு பெரியதை எப்படித் தவறவிட்டேன் என்று வெட்கமாகிவிட்டது.

என் பையில் துணி கொஞ்சம்தான். மீதியெல்லாம் நீர்வண்ணத் தாள்கள், இருபத்துநான்கு வண்ணப் பெட்டி, தூரிகைகள். கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த ஷைனி இப்போது குவைத்தில் நர்ஸ். அவள் சொல்லித்தான் வந்தேன். போன வருடம் ஆவணியில் அவள் அப்பாவும் தம்பி ஜோபினும் போன வள்ளம் கவிழ்ந்தது. அப்பாவை வேறு ஊர் வள்ளக்காரர்கள் தூக்கிவந்தார்கள். ஜோபின் கிடைக்கவே இல்லை. உடலும் இல்லை. அதற்குப் பிறகு அப்பா கடலுக்குப் போகவில்லை. படம் வரைகிறார். ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப வரைகிறார். நீதான் நன்றாக வரைவாயே, ஒரு வாரம் கூட இருந்து பூ, அருவி, வயல் என்று வேறு ஏதாவது பழக்கிவிடேன் என்று ஷைனி போனில் கேட்டாள். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. இரண்டு வேலைகளை விட்டுவிட்டு மூன்றாவதற்குக் காத்திருந்த எனக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. பங்குனியில் என் அம்மா போய்விட்டாள். அடுத்த வாரமே நான் வரைய உட்கார்ந்தேன். யூடியூப் பார்த்து அருவியாக வரைந்து தள்ளினேன். கோயம்புத்தூரில் எங்கள் வீட்டுச் சுவரில் இடம் தீர்ந்து, பீரோவுக்குள் அம்மாவின் சேலைகள் இருந்த தட்டில் இப்போது அருவிகள் அடுக்கியிருக்கின்றன. இருநூறாவது இருக்கும். ஒன்றையும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் பிழைத்துக்கொண்டேன். எனக்கு வேலை செய்த மருந்து எல்லோருக்கும் வேலை செய்யும் என்று மனதார நம்பிக்கொண்டுதான் அந்த வாசலில் போய் நின்றேன்.

ஷைனியின் அம்மா பிலோமி ஆண்ட்டி கதவைத் திறந்ததும் கேட்டது, சாப்பிட்டாயா என்பதுதான். மசித்த மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும். எங்கள் ஊரில் குழம்புக்குள் மீனைத் தேடுவோம். இங்கே மீன்களுக்கு நடுவே குழம்பைத் தேட வேண்டியிருந்தது. முன்னறையில் திரு இருதயப் படத்துக்கு முன்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. பக்கத்தில் கால்பந்துச் சட்டையோடு ஜோபின். மாலை இல்லை. போட விடமாட்டேன் என்று ஆண்ட்டி பிடிவாதமாக இருந்தாள்.

கிளீட்டஸ் அங்கிள் ஒல்லியான, உயரமான மனிதர். நான் கொடுத்த வண்ணப் பெட்டியை இரண்டு கைகளாலும் வாங்கி, ஒவ்வொரு வண்ணத்தின் பெயரையும் மெதுவாகப் படித்துப் பார்த்தார். பிறகு வலைக்கயிறு வைத்திருந்த பெட்டியிலிருந்து தன் படங்களை எடுத்துக் காட்டினார். பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் டிராயிங் தாளில் நாற்பதுக்கு மேல் இருந்தன. கோயிலிலிருந்து வரும் ஒரு சிஸ்டர், வள்ளம் போன வீடுகளுக்கெல்லாம் கலர் பென்சில் கொடுத்து, மனதில் வருகிற இயற்கைக் காட்சி எதையாவது வரையுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அப்படித் தொடங்கியது.

எல்லாம் ஒரே காட்சிதான். தாளில் முக்கால் பங்கு தண்ணீர். அதற்கு மேல் நூல் மாதிரி கரை, தென்னைகள், மஞ்சள் கோபுரம். பின்னால் வேளிமலை. மலையின் இரண்டு முகடுகளுக்கு நடுவே ஒரு வெட்டு. அந்த வெட்டுக்குள் கோபுரம் கச்சிதமாகச் செருகி நின்றது. வலது ஓரத்தில் ஒரு கலங்கரை விளக்கம். அதன் பின்னால் ஒரு சிறு குன்று பாதி மறைந்திருந்தது. அடிக்கோல் வைத்து அளந்து வரைந்திருந்தார். ஒரு படத்துக்கும் இன்னொரு படத்துக்கும் மயிரிழை வித்தியாசம்கூட இல்லை.

நான் மனதுக்குள் தவறுகளைப் பட்டியல் போட்டேன். தண்ணீர் அதிகம். கோபுரம் பல்லிடுக்கில் குத்திய குச்சி மாதிரி நிற்கிறது. உயிர் இல்லை. நாளைக்கே வெளியே கூட்டிப்போக வேண்டும்.

சாயங்காலம் அடுக்களையில் தேங்காய் துருவியபடி ஆண்ட்டி பேசினாள். இன்னும் ஐந்து நாளில் கல்லறைத் திருநாள். ஊரே கல்லறைத் தோட்டத்தில் வெள்ளையடித்துக்கொண்டு இருந்தது. போன வருடம் அன்றைக்கு அவள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

"எனக்கு மெழுகுதிரி வைக்க ஒரு எடம் இல்ல மக்கா. எங்க கெடக்கான்னு கேட்டா, இவரு கடல்லன்னு சொல்லுவாரு. கடலு என்ன கொஞ்சமாவா கெடக்கு?"

பிறகு ஜோபினைப் பற்றிச் சொன்னாள். தூங்குமூஞ்சி. விடியலில் எழும்பவே மாட்டான். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்புவாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கரைக்குப் போவதற்குள் அப்பா வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போயிருப்பார். பாதி நாள் அப்படித்தான். பிந்தி வந்து திட்டு வாங்கி, திரும்பப் படுத்துக்கொள்வான். இதைச் சொல்லும்போது சிரித்தாள். சிரிப்பு முடிகிற இடத்தில் துருவுவதை நிறுத்தினாள்.

"அண்ணைக்கு மட்டும் நான் நேரத்துக்கு எழுப்பி விட்டேன்."

மறுநாள் பத்மநாபபுரம். கருங்கல் வழியாகத் தக்கலை பஸ். மீன் விற்கப் போகிற ஒரு அம்மா தன் பாத்திரத்தை என் தாள்கட்டின் மேலேயே வைத்துவிட்டார். நான் பார்த்து அலறுவதற்குள் அயலை மீன் தண்ணீர் இறங்கிவிட்டது. விலை உயர்ந்த தாள், எங்கள் ஊரிலேயே தேடித்தான் வாங்கினேன் என்றெல்லாம் புலம்பினேன். அந்த அம்மா, மீன் படம் வரைஞ்சா மணத்துக்குத் தனியா கஷ்டப்பட வேண்டாம் பிள்ளே என்றார். பஸ்ஸே சிரித்தது. அங்கிளும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

தமிழ்நாட்டுக்குள் இருந்தாலும் கேரள அரசின் வசம் உள்ள அந்த அரண்மனையில் செருப்பைக் கழற்றிவிட்டு, கருப்பாகப் பளபளக்கும் தரையில் நடந்தோம். உள்ளே போனால் மரத்தில் பூ, மரத்தில் கிளி, மரத்தில் தாமரை. எனக்கு முன்னால் போன ஒரு மலையாளி அப்பா தன் மகனிடம், கட்டடம் நம்முடையது, வெயில் மட்டும் தமிழ்நாட்டுடையது என்று விளக்கிக்கொண்டிருந்தார். அங்கிளை முற்றத்து மரத்தடியில் உட்காரவைத்து, இதை வரையுங்கள் என்றேன். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம்.

கோட்டைச் சுவர் ஓரமாக நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேளிமலை அங்கே தலைக்கு மேலேயே நிற்கிறது. நாற்பது வருடம் கடலிலிருந்து தினமும் பார்த்த மலைக்குப் பக்கத்தில் அவர் அன்றுதான் வந்திருக்கிறார். அதற்காகச் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவருக்கு வியர்த்திருந்தது. பத்தடி இடப்பக்கம் போய் நின்றார், இருபதடி வலப்பக்கம் போய் நின்றார். அந்த வெட்டு இங்கிருந்து தெரியவில்லை என்றார். இரண்டு முகடுகளும் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் நின்றன. பக்கத்தில் வந்தால் அப்படித்தானே அங்கிள் இருக்கும் என்றேன். தலையாட்டினார். தக்கலையில் ரசவடை வாங்கிக் கொடுத்தேன். பாதியைத் தாளில் மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். பிலோமிக்குப் பிடிக்கும் என்றார்.

மூன்றாம் நாள் கொட்டாரம். கடைத்தெருவைத் தாண்டியதும் வயல். தூறல் விட்டுவிட்டுப் பெய்தது. பயிர் அப்போதுதான் பச்சை பிடித்திருந்தது. கொக்குகள் நின்றன. எனக்குக் கை பரபரத்தது. வாழ்க்கையில் முதன்முறையாக, கண்ணுக்கு முன்னால் இருக்கிற ஒன்றை வரைந்தேன். ஒரு மணி நேரத்தில் மூன்று தாள். அங்கிள் வரப்பில் நின்று, கையை நீட்டி அடிக்கோலைப் பிடித்து, ஒரு கண்ணை மூடி அளந்துகொண்டிருந்தார். பைக்கில் போன ஒருவர் நிறுத்தி, என்ன அண்ணாச்சி, ரோடு வருதா, எங்க வயலும் போகுதா என்று கவலையாகக் கேட்டுவிட்டுப் போனார்.

அவர் வரைந்து முடித்த வயல் மோசமில்லை. ஆனால் தாளின் அடியில் ஒரு பட்டை நீலம் பூசியிருந்தார். இங்கே கடல் எங்கே வந்தது அங்கிள் என்று கேட்டேன்.

"நிக்கியதுக்கு ஒரு எடம் வேண்டாமா மக்கா" என்றார்.

எனக்கு அது ஒரு கவிஞர் பேசுவது மாதிரி இருந்தது. ஷைனிக்கு உடனே மெசேஜ் போட்டேன்: முன்னேற்றம் தெரிகிறது.

நான்காம் நாள் மழை. அங்கிள் மற்ற ஆண்களோடு கல்லறைத் தோட்டத்தில் புல் செதுக்கப் போயிருந்தார். தனக்கென்று ஒரு கல்லறை இல்லாதவர் மற்றவர்களுடையதைச் சுத்தம் செய்கிறார். எனக்கு வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை. அவருடைய படங்களில் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன். இரண்டு பொருட்களின் விளிம்புகள் படத்தில் ஒட்டக் கூடாது, ஒட்டினால் கண் அங்கேயே மாட்டிக்கொள்ளும் என்று நான் பார்த்த வீடியோக்கள் எல்லாவற்றிலும் சொல்வார்கள். மலை வெட்டில் செருகியிருந்த கோபுரத்தை வெள்ளை பூசி அழித்தேன். இரண்டு விரற்கடை இடப்பக்கம் தள்ளி, முகட்டுக்கு அப்பால், வெளிச்சத்தில் நிற்கவைத்தேன். தண்ணீரில் கொஞ்சம் மஞ்சளைப் பிரதிபலிக்கவிட்டேன். படத்துக்கு மூச்சு வந்த மாதிரி இருந்தது. ஜோபின் படத்துக்குக் கீழே சுவரில் ஒட்டினேன்.

அங்கிள் காலில் சேற்றோடு வந்தார். துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"இத யாரு நவுத்தினது?"

நான்தான் என்றேன். விளிம்பு, கண், வெளிச்சம் என்று ஒரே மூச்சில் விளக்கினேன். குறுக்கிடாமல் முழுவதையும் கேட்டார். பிறகு சுவர்ப் பக்கம் போய், கோபுரம் முன்பு இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"கோபுரம் இந்த வெட்டுக்குள்ள நின்னா அது ஒரு எடம். வெட்ட விட்டு வெளிய வந்தா வேற எடம். நீ அவன நாலு மைல் கெழக்க கொண்டு போட்டுட்ட, மக்கா."

எனக்குப் புரியவில்லை. அவர் தரையில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். கடலில் அடையாளம் கிடையாது. கரையைப் பார்த்துத்தான் இடத்தைக் குறித்துக்கொள்வார்கள். முன்னால் இருக்கிற கோபுரத்தையும் பின்னால் இருக்கிற மலையையும் ஒரே நேராக வைத்துப் பார்த்தால் ஒரு கோடு கிடைக்கும்; அதை நேரு என்பார்கள். கலங்கரை விளக்கத்தையும் அதன் பின்னால் உள்ள குன்றையும் வைத்தால் இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் நிற்கிறாய் என்று பொருள். ஜி.பி.எஸ். வந்த பிறகும் அவருக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. அன்றைக்கும் வலை போடும் முன் இரண்டு நேரும் பார்த்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் ஒரே ஒரு அலை. ஜி.பி.எஸ். பெட்டியும் வள்ளத்தோடு போய்விட்டது. அவர் ஒரு கேனைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். ஒழுக்கு என்று அவர்கள் சொல்லும் நீரோட்டம் இழுத்துக்கொண்டே போனது. சாயங்காலம் வேறு ஊர்க்காரர்கள் தூக்கினார்கள். எங்கே கவிழ்ந்தது என்று கேட்டார்கள். அவர், இங்கேதான் என்று சொன்னார். தன்னைத் தூக்கிய இடத்தைச் சொன்னார். இரண்டு நாள் அங்கேயே தேடினார்கள்.

"அப்பம் வேற ஒண்ணும் ஓர்ம இல்ல எனக்கு, எல்லாம் மறந்து போச்சு. அந்த சிஸ்டர் வந்து கலர் தந்து, எதையாவது வரைங்கன்னு சொல்லி, நான் மலைய வரைஞ்சு, கோபுரத்த வச்சு… வச்சப்பம்தான் பாத்தேன். அண்ணைக்குக் கண்டது மாதிரியே அது வெட்டுக்குள்ள நிக்கி."

அடுக்களை வாசலில் ஆண்ட்டி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"அப்பம் ஒங்களுக்குத் தெரியும்" என்றாள்.

"தெரியும்."

"எம்புட்டு நாளா?"

"கலர் தந்த நாள் தொட்டு."

அவள் உள்ளே போனாள். அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள். பெட்டியிலிருந்து நான் தொடாத ஒரு படத்தை எடுத்து நடுவில் வைத்தாள். எங்கே, விரலை வைத்துக் காட்டுங்கள் என்றாள்.

அவர் கை மேலே எழும்பி அப்படியே நின்றது.

"படத்துல இல்ல, பிலோமி. இதப் பாக்கியதுக்கு எங்க நிக்கணுமோ, அங்க."

அன்று இரவுச் சோற்றை யாரும் தொடவில்லை.

கல்லறைத் திருநாளன்று மழை விட்டிருந்தது. காலையில் ஆண்ட்டியின் தம்பி சேவியர் தன் வள்ளத்தைக் கொண்டுவந்தார். பெண்கள் வள்ளத்தில் ஏறுவது அங்கே வழக்கமில்லை. கரையில் நின்றவர்கள் பார்த்தார்கள். இரண்டு பேர் வந்து தள்ளிக்கொடுத்தார்கள். ஆண்ட்டியின் மடியில் ஒரு பை நிறைய வாடாமல்லியும் செவ்வந்தியும் ஒரு கட்டு மெழுகுதிரியும் இருந்தன. அங்கிள் முன்னால் உட்கார்ந்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு அவர் கால் கடல் தண்ணீரில் பட்டது. நான் ஏறிய கால் மணி நேரத்தில் வாந்தி எடுக்கத் தொடங்கினேன். சேவியர் ஒரு கையால் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எலுமிச்சை நீட்டினார்.

ஒன்றரை மணி நேர ஓட்டம். திரும்பிப் பார்த்தால் கரை நூலாகியிருந்தது. மஞ்சள் கோபுரம் தெரிந்தது. கலங்கரை விளக்கமும் அதன் குன்றும் தெரிந்தன. வேளிமலை இல்லை. மழை விட்டாலும் மேகம் விடவில்லை. மலை இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறம் மட்டும் இருந்தது.

எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். வள்ளம் ஆடியது. என்னால் கண்ணை மூடவும் முடியவில்லை, திறக்கவும் முடியவில்லை. அம்மா கடைசியாகப் படுத்திருந்த கட்டிலிலிருந்து ஜன்னல் வழியாக என்ன தெரிந்தது என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு தண்ணீர்த் தொட்டி. ஒரு செல்போன் டவர். எது முன்னால், எது பின்னால்? பதினெட்டு நாள் அந்த ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தேன். நினைவுக்கு வரவில்லை.

நேரம் போனது. மலை வரவில்லை. சேவியர் தன் மச்சானிடம், அளியா, ஏகதேசமா இங்கதான்னு வச்சு ஒரு எடத்துல பூவப் போடலாம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அங்கிள் மலை இருக்க வேண்டிய பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு முறை தவறான இடத்தைச் சொன்னவர் இன்னொரு முறை சொல்லமாட்டார் என்று எனக்கே தெரிந்தது. ஆண்ட்டிதான் பேசினாள்.

"ஒரு நேரு தெரியுது இல்லியா?"

"தெரியுது. வெளக்கும் குன்னும்."

"அந்த நேருலதான கெடக்கான்?"

"அதுலதான். எந்த எடம்னு மலை வந்தாத்தான்."

"அப்பம் அதுலயே போங்க. பைய போங்க."

அங்கிள் எழுந்து வந்து சேவியரிடமிருந்து எஞ்சினை வாங்கினார். கலங்கரை விளக்கத்தையும் குன்றையும் ஒன்றன் பின் ஒன்றாக நிறுத்திக்கொண்டு, கழுத்தைத் திருப்பியபடியே, வள்ளத்தை அந்தக் கோட்டில் செலுத்தினார். ஆண்ட்டி பையைத் திறந்தாள். ஒரு பூவை எடுத்துத் தண்ணீரில் விட்டாள். பத்தடி போனதும் இன்னொன்று. முதலில் செவ்வந்தி, பிறகு வாடாமல்லி. அள்ளிப் போடவில்லை. ஒவ்வொன்றாக. ஒரு பூகூட அவன் இல்லாத இடத்தில் வீணாகிவிடக் கூடாது, அவன் இருக்கிற இடம் ஒன்றும் பூ இல்லாமல் போய்விடக் கூடாது என்கிற கணக்கில் போட்டுக்கொண்டே வந்தாள். மெழுகுதிரியை ஒரு முறை பற்றவைத்துப் பார்த்தாள். காற்று விடவில்லை. அணைந்த திரியைத் தண்ணீரில் போடாமல் மடியில் முடிந்துகொண்டாள். பூ தீர்ந்தபோது, பின்னால் ஒரு நீளக் கோடாக அவை மிதந்தன. சில அதற்குள் கிழக்கே விலகத் தொடங்கியிருந்தன.

கரைக்குத் திரும்பினோம். மணலில் வள்ளம் முட்டியது. சேவியர் என் கையைப் பிடித்து இறக்கினார். தடுப்புப் பாறை மேல் ஏறியபோது முதுகில் வெயில் பட்டது. நிமிர்ந்து பார்த்தேன். கோபுரத்துக்குப் பின்னால் மேகம் விலகி, வேளிமலை கழுவி வைத்த மாதிரி முழுசாக நின்றது.

அங்கிள் அதைப் பார்த்து அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். ஆண்ட்டி உட்காரவில்லை. காலிப் பையை உதறி மடித்தாள். இடுப்பில் செருகிக்கொண்டு, மலையைப் பார்த்துச் சொன்னாள்:

"இப்பம் எழும்பி வாறான் பாரு, தூங்குமூஞ்சி. வள்ளம் போய்ட்டு வந்ததுக்கப்புறம்."